மொரிமோந்தோ ஊரின் மருத்துவர்
புனித ரிக்கார்டோ பம்பூரியின் வாழ்க்கை



நம் பங்கின் விழா மலருக்கு நானும் ஒரு கட்டுரை எழுதவேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் யோசித்தேன். ஆலயம் எழும்பிய வரலாற்றை நம் பெரியவர்கள் இம்மலரில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனவே கல்லையும் சுண்ணாம்பையும் விட்டு, ஒரு சிற்றூர்ப் பங்கில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் துணிந்தேன். அவர் குருவல்லர், மறைபரப்பாளராகக் கடல் கடந்து போனவருமல்லர். சேறும் நெல்வயலும் சூழ்ந்த ஒரு கிராமத்தில் ஆறு ஆண்டுகள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர். பின்னர் துறவற சபையில் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்குள் இறந்தவர். அப்போது அவருக்கு வயது 32. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. அவர்தான் புனித ரிக்கார்டோ பம்பூரி.

மருத்துவத் தொழிலைத் திருச்சபை என்றுமே மதித்து வந்திருக்கிறது. சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கும்படி நமக்குக் கற்பிக்கிறது. புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் லூக்காவை மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். ஆயினும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிற ஒரு சாதாரண ஊர் மருத்துவர் பீடத்தில் வணங்கப்படும் நிலைக்கு உயர முடியுமா என்று கேட்டால், நம்மில் பலர் தயங்குவோம். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கே இவ்வாழ்க்கை நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பிறப்பும் வளர்ப்பும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் லொம்பார்டி என்னும் சமவெளி உள்ளது. அங்கே பவீயா நகருக்கு அருகில் திரிவோல்சியோ என்ற சிற்றூர். அவ்வூரில் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இன்னொசென்சோ பம்பூரி, ஆஞ்செலா கம்பாரி என்னும் பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகளில் பத்தாவது பிள்ளையாக நம் புனிதர் பிறந்தார். அவருக்கு இட்ட பெயர் எர்மினியோ பிலிப்போ. ரிக்கார்டோ என்பது துறவறத்தில் அவர் ஏற்றுக்கொண்ட பெயர்.

குழந்தைக்கு மூன்று வயது நடக்கும்போதே தாய் காசநோயால் இறந்துபோனார். தாயோடு பிறந்த பெரியவர்களின் வீட்டில் பிள்ளை வளர்ந்தான். டோர்ரினோ என்னும் அருகிலிருந்த குக்கிராமத்தில் தாய்மாமன் கார்லோ கம்பாரி மருத்துவராக இருந்தார். அவருடைய சகோதரி மரியா பிள்ளைக்குத் தாய்க்குத் தாயாக இருந்து, செபம் சொல்லக் கற்றுக்கொடுத்தார். 1907-இல் தந்தையும் மிலான் நகரில் நேர்ந்த சாலை விபத்தில் இறந்தார். பத்து வயதில் பையன் தாயுமில்லை, தந்தையுமில்லை என்ற நிலைக்கு வந்தான்.

தாய்மாமன் வீட்டில் வளர்கிற பிள்ளை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிலர் அவ்வீட்டில் கூனிக் குறுகிப் போவார்கள். சிலர் மாமனைப் பார்த்து வளர்ந்து மாமனைப் போலவே ஆகிவிடுவார்கள். எர்மினியோ இரண்டாம் வகை. நேரம் பாராமல் நோயாளியைத் தேடிப் போகிற தொழிலை அவன் முதலில் கண்டது பள்ளியிலன்று, தான் உண்டு உறங்கிய வீட்டிலேயே. ஒருவருடைய அழைத்தலின் விதை எங்கே விழுகிறது என்று நாம் ஆராயும்போது, பெரும்பாலும் வீட்டின் திண்ணைக்கே வந்து சேருகிறோம்.

இளமையில் அவருக்கு ஒரு குருவாகவும் மறைபரப்பாளராகவும் ஆகவேண்டுமென்ற ஆசை இருந்தது. ஆனால் உடல் மெலிந்தது. நலமும் அவ்வளவாக இல்லை. பெரியவர்கள் அவ்வெண்ணத்தைத் தடுத்தார்கள். அதன்பின் பவீயா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அது பழம்பெருமை வாய்ந்த பல்கலைக்கழகம். நரம்பணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1906-இல் நோபல் பரிசு பெற்ற கமில்லோ கொல்ஜி பணியாற்றிய இடம் அது. அக்காலத்தில் பல்கலைக்கழக மாணவரிடையே கடவுள் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது ஒரு நாகரிகமாகவே இருந்தது. எர்மினியோவோ கத்தோலிக்க மாணவர் கழகத்திலும் புனித வின்சென்ட் தே பவுல் சபையிலும் சேர்ந்து, திருப்பலியையும் நற்கருணையையும் விடாது பற்றிக்கொண்டார். வகுப்புத் தோழர்கள் என்ன சொல்வார்களோ என்று அவர் ஒளித்து வைக்கவில்லை. தாமாக வலியச் சென்று வாதாடவுமில்லை.

மாட்டு வண்டியில் ஓர் இரவும் ஒரு பகலும்

படிப்பு முடியுமுன் முதல் உலகப்போர் அவரை இழுத்துக்கொண்டது. 1917-இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து போர்முனைக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கப்போரெட்டோ என்னுமிடத்தில் இத்தாலியப் படை முறியடிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான வீரர்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி ஓடினார்கள். அவ்வோட்டத்தில் மருந்துப் பெட்டிகளையும் சிகிச்சைக் கருவிகளையும் யார் நினைப்பார்?

இருபது வயது இளைஞர் நினைத்தார். காயம்பட்டவர்களுக்கு நாளைக்கு இவை வேண்டுமே என்று எண்ணி, அவற்றை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, தன்னந்தனியாக, கொட்டும் மழையில், ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து தம் படைப்பிரிவிடம் சேர்த்தார். மருந்து பிழைத்தது; ஆனால் அந்த மழையும் குளிரும் அவருடைய மார்பில் குடிகொண்டன. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி கண்டது. அந்நோய் அவரை முழுவதும் விட்டு நீங்கவேயில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரைக் கொண்டுபோனதும் அதுவே.

இங்கே சிறிது நிற்போம். இரத்தம் சிந்தி மறைசாட்சிகளானவர்களை நாம் கொண்டாடுகிறோம், அது முறையே. ஆனால் பிறருடைய மருந்துக்காகத் தன் உடல்நலத்தைச் சாலையில் விட்டு வந்த மனிதரும் ஒரு வகையில் உயிரைக் கொடுத்தவரே. என்ன, அந்த உயிர் ஒரே நாளில் போகாமல் பதின்மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் போயிற்று.

போர் முடிந்தபின் படிப்பைத் தொடர்ந்தார். 1921 மார்ச்சு மாதத்தில் அசிசியாரின் மூன்றாம் சபையில் உடுப்புப் பெற்றார். அதே ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் மருத்துவத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார்.

மொரிமோந்தோ

அத்தகைய பட்டம் பெற்றவர் மிலான் நகரில் பெரிய மருத்துவமனையில் சேர்ந்திருக்கலாம். அவர் முதலில் தம் மாமனோடு சேர்ந்து பழகினார்; வெர்னாத்தே என்ற ஊரில் சிறிது காலம் பணியாற்றினார். மிலானில் மகப்பேறு மருத்துவத்தில் தனிப்பயிற்சியும் பெற்றுக்கொண்டார். கிராமத்து மருத்துவரை நடுநிசியில் எழுப்புவது பெரும்பாலும் பிரசவ வலிதானே! பின்னர் மொரிமோந்தோ என்னும் ஊரின் மருத்துவராக அமர்ந்தார்.

மொரிமோந்தோ பழைய ஊர். 1134-இல் பிரான்சு நாட்டு மொரிமோந்து மடத்திலிருந்து வந்த சிஸ்டர்சியன் துறவிகள் அங்கே மடம் கட்டினார்கள். சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டி, வாய்க்கால் அமைத்து, அதை விளைநிலமாக்கினார்கள். அவர்கள் எழுப்பிய செங்கல் ஆலயம் இன்றும் நிற்கிறது. இத்தாலிய மொழியில் அவ்வூர்ப் பெயர், உலகத்துக்கு இறந்துபோதல் என்று பொருள்படும்படி ஒலிக்கும். நம் மருத்துவரின் கதைக்கு அது பொருத்தமான பெயரே.

அச்சமவெளியில் நெல் விளையும். ஆம், நம் ஊரைப் போலவே வாய்க்காலும் வரப்பும் நாற்றும் களையும் அங்கும் உண்டு. லொம்பார்டியின் நெல்வயல்களில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நாள் முழுவதும் களை பறித்தார்கள். பெரிய பண்ணைகளைச் சுற்றிக் கூலிக் குடும்பங்கள் வரிசை வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தன. பண்ணையார் வேறு, கூலி வேறு. தண்ணீர் தேங்கும் இடத்தில் கொசு. கொசு இருக்குமிடத்தில் குளிர்காய்ச்சல். ஈரமான வீட்டில் காசநோய். இதை வாசிக்கும் நம் பெரியவர்களுக்கு அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது.

அந்நாளைய ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். இத்தாலியில் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1888-இல் செய்யப்பட்ட சுகாதாரச் சட்டம் இம்முறையை நாடெங்கும் நிலைநாட்டியது. ஊரின் ஏழைகள் பட்டியலில் உள்ளவர்களுக்கு அவர் இலவசமாக வைத்தியம் பார்க்கவேண்டும். மற்றவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். 1978-இல் தேசிய சுகாதாரப் பணிக்கான சட்டம் வரும்வரை இம்முறை நடந்தது. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலில் பேர் இல்லாத ஏழை என்ன செய்வான்? மருந்துச் சீட்டு இலவசமாகக் கிடைத்தும், பால் வாங்கப் பணமில்லாதவள் என்ன செய்வாள்? சட்டம் முடிகிற அந்த இடத்தில்தான் மருத்துவர் பம்பூரி தொடங்கினார்.

அவர் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். அதோடு பணமும் உணவும் உடையும் போர்வையும் கொடுத்தார். தம் ஊரார் என்றும் பிற ஊரார் என்றும் பார்க்கவில்லை. பகல் என்றும் இரவு என்றும் பார்க்கவில்லை. அவருடன் தங்கியிருந்து வீட்டைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய சகோதரி மார்கரீத்தா. மக்கள் அவரைப் புனித மருத்துவர் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். உரோமாபுரி அப்பட்டத்தைக் கொடுப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகளின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

1920-களில் ஒரு மருத்துவரின் பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குளிர்காய்ச்சலுக்குக் கொயினா இருந்தது. இத்தாலிய அரசே அதை மலிவு விலையில் விற்றது. தொண்டை அடைப்பானுக்கு எதிர்நஞ்சு மருந்து இருந்தது. வலிக்கு அபினியிலிருந்து எடுத்த மருந்தும், இருதயத்துக்கு ஒரு செடியின் சாறும் இருந்தன. ஆனால் பெனிசிலின் இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான், மக்கள் கைக்கு வந்தது 1940-களில். காசநோய்க்கு மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தம் தாயைக் கொண்டுபோன அதே நோய் ஒரு வீட்டில் ஓர் இளந்தாயின் மார்பில் இருக்கிறது என்று அறிந்தும், அவளுக்குக் கொடுக்கத் தம்மிடம் மருந்தில்லை என்ற நிலையில் அவர் எத்தனை கட்டில்களின் அருகே நின்றிருப்பார்! குணப்படுத்த முடியாத மருத்துவர் என்ன செய்வது? மீண்டும் மறுநாள் போவது; போர்வை கொண்டுபோவது; அருகில் உட்காருவது; குருவை அழைத்து வருவது. இவற்றையே அவர் செய்தார்.

பங்குக் கோயிலில்

அவர் பங்கு வாழ்வில் எவ்வாறிருந்தார் என்பது நமக்கு மிகவும் பயன்படும். வேலை மிகுதியான ஒரு மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்துபோனாலே நாம் மகிழ்ந்துவிடுவோம். பம்பூரியோ நாள்தோறும் திருப்பலிக்கு வந்தார். பங்குக் குருவுக்கு வலக்கையாக இருந்து, இளைஞர்களைச் சேர்த்துக் கத்தோலிக்க இயக்கத்தின் கிளையை அமைத்து அதற்குத் தலைவராக இருந்தார். ஊர் இளைஞர்களுக்கு ஒரு வாத்தியக் குழுவையும் ஏற்படுத்தினார். அதற்குத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் பெயர் வைக்கப்பட்டது. மறைபரப்பு உதவிக் குழுவுக்குச் செயலாளராக இருந்தார்.

பண்ணைக் கூலிகளையும் இளைஞர்களையும் திரட்டி, திரியூஜ்ஜியோ என்ற ஊரில் சேசுசபைக் குருக்கள் நடத்திய இல்லத்துக்குத் தியானத்துக்கு அழைத்துச் செல்வார். செலவைத் தாமே ஏற்றுக்கொள்வார். வயலில் வேலை செய்கிறவனுக்குத் தியானம் எதற்கு என்று பிறர் எண்ணியிருக்கலாம். கூலி வேலைக்காரனுக்கும் ஆன்மா உண்டு, அதற்கும் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் எண்ணினார்.

அவருடைய உடன்பிறந்த சகோதரி ஒருவர் பிரான்சிஸ்கன் துறவியாக எகிப்து நாட்டில் மறைபரப்புப் பணி செய்துவந்தார். அவருக்குப் பம்பூரி எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. தம் அகந்தையும் தன்னலமும் வேறெந்தத் தீய குணமும் குறுக்கே வந்து, நோயாளிகளிடம் துன்புறும் இயேசுவைக் காணாதபடி தம் கண்ணை மறைத்துவிடக்கூடாது, அதற்காக மன்றாடுங்கள் என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். இதை நாம் கவனிக்கவேண்டும். தம்மிடம் இரக்கம் குறைவு என்று அவர் அஞ்சவில்லை. தாம் நல்லவர் என்ற எண்ணமே தம் கண்ணை மறைத்துவிடுமோ என்று அஞ்சினார். நற்பணி செய்கிற ஒவ்வொருவருக்கும், குருக்களாகிய எங்களுக்கும், இவ்வச்சம் வேண்டும்.

ஏன் போனார்?

இப்போது இவ்வாழ்க்கையில் கடினமான கேள்விக்கு வருகிறோம். 1927 ஜூன் 22-ஆம் நாள் மருத்துவர் பம்பூரி மொரிமோந்தோவை விட்டு, மிலானில் புனித இறை யோவான் சபையில் சேர்ந்தார். ஊர் மக்கள் மிகவும் வருந்தினார்கள். வருந்தாமல் இருப்பார்களா? ஏழைகளின் மருத்துவர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவரைக் கடவுளே வந்து எடுத்துக்கொண்டால், ஏழை யாரிடம் போய் முறையிடுவான்?

நான் இதைப் பலமுறை சிந்தித்ததுண்டு. ஊரிலேயே இருந்து சேவை செய்திருந்தால் அவர் புனிதராக முடியாதா? நிச்சயமாக முடியும். பொதுநிலையினருக்கு ஒரு புனிதம், துறவியர்க்கு ஒரு புனிதம் என்று இரண்டு இல்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகப் போதித்திருக்கிறது. பம்பூரியும் ஊர் வாழ்வைத் தாழ்ந்ததென்று எண்ணி விட்டுப் போகவில்லை. சிறு வயதிலிருந்தே அவருக்குள் ஓர் அழைப்பு இருந்தது. உடல்நலக் குறைவால் அது இருமுறை தள்ளிப்போயிற்று. தந்தை ரிக்கார்டோ பெரெத்தா என்னும் குரு அவருக்கு வழிகாட்டியாக இருந்து, அந்த அழைப்பைத் தெளிவுபடுத்த உதவினார். அக்குருவின் பெயரையே அவர் துறவறத்தில் பூண்டார்.

அவர் தேர்ந்த சபையையும் பாருங்கள். புனித இறை யோவான் 1495-இல் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்து, ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில் நோயாளிகளுக்காக வாழ்ந்து, 1550-இல் இறந்தவர். படிப்பற்றவர். வீதியில் கூடையோடு போய்ப் பிச்சை எடுத்து மருத்துவமனை நடத்தியவர். அவருடைய சபையினர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு நோயாளிகளுக்கு விருந்தோம்பல் என்ற நான்காம் வார்த்தைப்பாட்டையும் கொடுக்கிறார்கள். ஆகவே பம்பூரி நோயாளிகளை விட்டுப் போகவில்லை. தமக்கென்று மிஞ்சியிருந்தவற்றைத்தான் விட்டுப் போனார்: தம் சம்பளம், தம் வீடு, புனித மருத்துவர் என்று ஊர் கொடுத்த பெயர். இச்சபையின் சகோதரர்கள் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையிலும் மருத்துவமனை நடத்திவருகிறார்கள்.

பிரேசியா நகரில் நவசந்நியாசம் முடித்து, 1928 அக்டோபர் 24-ஆம் நாள் வார்த்தைப்பாடு கொடுத்தார். கப்போரெட்டோ தோல்வியின் பதினொராம் ஆண்டு நினைவு நாள் அது. அங்கேயிருந்த மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளிகளும் ஏழைகளும் அங்கே கூட்டமாக வந்தார்கள். உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றவர், சொத்தைப் பல் பிடுங்கும் வேலையைச் சலிப்பின்றிச் செய்தார். வந்தவர்கள் அவருடைய அன்பைக் கண்டு வியந்தார்கள்.

பழைய நோய் திரும்பியது. 1930 ஏப்ரல் 18-ஆம் நாள் அவரைப் பிரேசியாவிலிருந்து மிலானுக்குக் கொண்டுவந்தார்கள். மே 1-ஆம் நாள் அவர் ஆண்டவரில் துயில் கொண்டார். 1951-இல் அவருடைய உடல் பிறந்த ஊராகிய திரிவோல்சியோவின் பங்குக் கோயிலுக்கு மாற்றப்பட்டது. தமக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊரிலேயே அவர் இளைப்பாறுகிறார்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 அக்டோபர் 4-ஆம் நாள் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1989-ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளன்று புனிதராகவும் அறிவித்தார். புனிதர் பட்டத்துக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட அற்புதம், 1982-இல் ஸ்பெயின் நாட்டுக் கிராமம் ஒன்றில் கண்ணில் காயமுற்ற ஒரு சிறுவன் குணமடைந்தது. இறந்தபின்னும் அவர் கிராமத்துப் பிள்ளைகளைத்தான் தேடிப் போயிருக்கிறார்! அவர் இறந்த மே 1-ஆம் நாளே 1955 முதல் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாகவும் கொண்டாடப்படுகிறது. சூசையப்பருக்குப் பின்னால் மறைந்து நிற்பது அவருக்குப் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவரைப் போன்ற சிலர்

அவர் தனி மனிதரல்லர். நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவரும் பேராசிரியருமான ஜூசெப்பே மொஸ்காத்தி 1927-இல் இறந்து, 1987-இல் புனிதர் பட்டம் பெற்றார். பம்பூரி படித்த அதே பவீயா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஜியான்னா பெரெத்தா மொல்லா, மொரிமோந்தோவுக்குத் தொலைவில்லாத மெசேரோ என்ற ஊரில் 1950-இல் மருத்துவ நிலையம் திறந்தார். மருத்துவர், மனைவி, தாய் என்ற மூன்று நிலைகளிலும் வாழ்ந்து, தம் நான்காம் குழந்தையின் உயிருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்து 1962-இல் இறந்தார். 2004-இல் புனிதரானார். வெனிசுவேலா நாட்டின் ஹோசே கிரெகோரியோ ஹெர்னாந்தெஸ் ஏழைகளின் மருத்துவர் என்று பேரெடுத்தவர். 1919-இல் ஏழை நோயாளி ஒருவருக்கு மருந்து வாங்கிவரும் வழியில் கார் மோதி இறந்தார். 2025 அக்டோபர் 19-ஆம் நாள் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார். திருச்சபை மருந்துப் பெட்டியையும் செபமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தயங்கவில்லை.

ஒரு தவற்றை ஒத்துக்கொள்கிறேன்

இப்புனிதரின் வாழ்க்கையை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கிளைக் கிராமத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான். "சாமி, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. அவஸ்தை கொடுக்க வரணும்" என்றான். என்னுடைய மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு போனேன். பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி, நற்கருணை கொடுத்தேன். திரும்பும்போது, "டாக்டரைக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "டாக்டருக்கும் வண்டிக்கும் காசு வேணும் சாமி. நீங்கதான் காசு கேக்காம வருவீங்க."

அது எனக்குப் பெருமையாகப்பட்டது. சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, பங்கு வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன். விடியுமுன் அந்த மனிதர் இறந்துவிட்டார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டவில்லை.

அடக்கப் பூசையில்தான் எனக்கு உறைத்தது. பங்கில் ஒரு ஜீப்பு நின்றது. சாவி என் மேசையில் இருந்தது. மருத்துவமனை எட்டு மைல். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதைக் கடவுளே அறிவார். ஆனால் அவருடைய ஆன்மாவுக்கு எண்ணெய் கொண்டுபோன நான், அவருடைய உடலுக்கு வண்டி கொண்டுபோக நினைக்கவேயில்லை. திருவருட்சாதனத்தைக் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். நல்ல சமாரியர் காயத்துக்கு எண்ணெயும் வார்த்தார், தம் வாகனத்திலும் ஏற்றினார், சாவடிக்காரரிடம் பணமும் கொடுத்தார். நான் எண்ணெயோடு நின்றுவிட்டேன். பிறகு பம்பூரியின் வாழ்க்கையைப் படித்தபோது, மருத்துவராயிருந்தும் குருவை அழைத்துவர அவர் மறவாததைக் கண்டேன். குருவாயிருந்தும் மருத்துவரை மறந்துபோன என்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

நம் பங்குக்கு

காலம் மாறியிருக்கிறது. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 என்று அழைத்தால் இலவச ஊர்தி வருகிறது. நம் பங்கிலிருந்தே பிள்ளைகள் மருத்துவமும் செவிலியமும் படித்து வெளியே போயிருக்கிறார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் ஊர்தி மருத்துவமனை வாசல்வரைதான் கொண்டுபோகும். அங்கே சீட்டு எழுதவும், வரிசையில் நிற்கவும், இரவில் துணைக்கிருக்கவும், திரும்பிவர வண்டி பிடிக்கவும் ஆள் வேண்டும். வாரத்துக்கு இருமுறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் என்ற வீடுகளும் உண்டு. இலவசச் சிகிச்சையும் சட்டமும் முடிகிற இடம் இன்றும் இருக்கிறது. அங்கேதான் கிறிஸ்தவன் தொடங்கவேண்டும்.

ஆகவே இவ்விழாவின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பங்கு வீட்டு வண்டியின் சாவி இனி இரவில் என் அறையில் இராது. வின்சென்ட் தே பவுல் சபையின் முறைப்படி, ஒவ்வொரு வாரமும் ஓர் இளைஞரிடம் இருக்கும். எந்த மதத்தவர் வீட்டில் நோய் கண்டாலும் அவ்வண்டி போகும். இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் படுக்கையில் உள்ள நோயாளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். மூன்றாவது வேண்டுகோள், மருத்துவமும் செவிலியமும் படித்த நம் பிள்ளைகளுக்கு. ஆண்டில் சில நாள்களாவது ஊருக்கு வாருங்கள். அம்மா அப்பாவைப் பார்த்தபின், நாலு வீடு தள்ளியிருக்கிற பாட்டியின் நாடியையும் பிடித்துப் பாருங்கள். மொரிமோந்தோ உங்களிடம் ஆறு ஆண்டுகள் கேட்கவில்லை; ஆறு நாள்கள் கேட்கிறது.

நோயாளியைச் சென்று பார்த்ததைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் ஏற்றுக்கொள்வதை மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தீர்வை நாளில், உங்கள் கோயில் கோபுரம் எத்தனை அடி என்று அவர் கேட்பதாக அங்கே எழுதப்படவில்லை. நாம் கட்டிய கோயில் நல்ல கோயில். அதற்காக உழைத்தவர்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அக்கோயிலின் வாசலிலிருந்து இரவில் ஒரு வண்டி நோயாளியைத் தேடிப் புறப்படுமானால், அதுவே இவ்விழாவுக்கு நாம் செலுத்தும் நன்றிப்பலியாகும்.

புனித ரிக்கார்டோ பம்பூரியே, எங்கள் நோயாளிகளுக்காகவும் எங்கள் மருத்துவர்களுக்காகவும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை